ரிட்டர்ன் வந்த கேம் டிஸ்க்கைத் தள்ளுபடியில் வாங்கலாமா? திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கன்சோலும் (டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற பெட்டி) கன்ட்ரோலரும் பழுது பார்ப்பது என் வேலை. மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எங்கிருந்து வந்தாலும், பொருளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு கேள்வி வரும்: ஆன்லைனில் ரிட்டர்ன் வந்த கேம் குறைந்த விலைக்குக் கிடக்கிறதே, வாங்கலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

ரிட்டர்ன் வந்த கேம்னா என்னண்ணே? பழசா, புதுசா?

இரண்டும் இருக்கும். டெலிவரி பையன் வந்தபோது வீட்டில் ஆள் இல்லாமலோ, கேஷ் ஆன் டெலிவரியில் 'வேண்டாம்' என்று சொல்லியோ திரும்பிப் போன பொட்டலம் ஒரு வகை. அதை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) கன்சோலுக்கான ஆட்டத்தைத் தெரியாமல் பழைய பிஎஸ்4-க்கு வாங்கி, கவரைக் கிழித்த பிறகு திருப்பி அனுப்பியது இன்னொரு வகை. ஒரு வாரம் விளையாடிவிட்டு ஏதோ காரணம் எழுதி அனுப்பியது மூன்றாவது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேறு எதையோ உள்ளே வைத்து அனுப்பியது நான்காவது.

திரும்பி வந்தவற்றைக் கிடங்கில் தரம் பிரிப்பார்கள். அங்கே அட்டைப்பெட்டியைத் திறந்து பார்ப்பார்களே தவிர, ஒவ்வொரு டிஸ்க்கையும் கன்சோலில் போட்டு ஓடவிட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. நல்லது மறுபடி விற்பனைக்குப் போகும். மற்றது மூட்டையாகச் சில்லறை வியாபாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து வேறு வேறு பெயரில் நம் கண்ணுக்கு வரும். உங்களுக்கு வருவது இந்த நான்கில் எது என்று விலையை வைத்துச் சொல்ல முடியாது.

இவ்ளோ கம்மியா எப்பிடிக் குடுக்காங்க? ஏதோ கோளாறு இருக்கப் போயித்தான குடுக்காங்க?

கோளாறு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சீல் பிரித்த கேமைப் புதியது என்று விற்க முடியாது, அவ்வளவுதான். சோனியின் சொந்த ஆட்டங்கள் பிஎஸ்5-க்குப் பல வருடமாக 4,999 ரூபாய்க்கு வெளிவந்தன. அந்த விலையுள்ள டிஸ்க், கவர் கிழிந்த ஒரே காரணத்தால் ஆயிரம் ரூபாய் இறங்குவது சகஜம்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் அதே ஆட்டம் டிஜிட்டலாக என்ன விலை என்று ஒருதரம் பாருங்கள். பண்டிகைக் கால ஆஃபரில் பழைய ஆட்டங்கள் பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். கீறல் விழாத டிஜிட்டல் பிரதி 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, கைபட்ட டிஸ்க்கை 2,200 கொடுத்து வாங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கை விளையாடி முடித்ததும் விற்கலாம், டிஜிட்டலை விற்க முடியாது என்ற கணக்கு உங்களுக்கு இருந்தால் மட்டும் டிஸ்க் பக்கம் போங்கள்.

ஓப்பன் பாக்ஸ், லைக் நியூ, ரீஃபர்பிஷ்டு, ப்ரீ-ஓன்டு... எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. ஓப்பன் பாக்ஸ் என்றால் பெட்டி திறந்தது. விளையாடியதா இல்லையா என்பதை அது சொல்லாது. ப்ரீ-ஓன்டு என்றால் ஒருவர் வாங்கி விளையாடியது. லைக் நியூ என்பது விற்பவரின் அபிப்பிராயம், அதற்கு அளவுகோல் கிடையாது. ரீஃபர்பிஷ்டு என்றால் பழுது பார்த்துச் சரிசெய்தது. கன்சோலுக்கு அது பொருந்தும். டிஸ்க்குக்கு ரீஃபர்பிஷ்டு என்று போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஏன் என்று கீறல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

விற்பவர் எந்தப் பெயர் வைத்தாலும் சரி, அந்தப் பக்கத்திலேயே 'ரிட்டர்ன் பாலிசி' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பணம் திரும்ப வருமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா, ஒன்றுமே கிடையாதா என்பது அங்கே இருக்கும். நான் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். மாற்றுப் பொருள் மட்டும் என்று இருந்து, அவர்களிடம் இருந்ததே அந்த ஒரே ஒரு ரிட்டர்ன் பிரதிதான் என்றால், மாற்றித் தர அவர்களிடம் என்ன இருக்கும்?

எங்க வீட்ல இருக்கது எந்தப் பெட்டின்னே எனக்குச் சரியாத் தெரியாது தம்பி. பையன் கேக்கான்னு வாங்குதேன். எதைப் பாத்து வாங்க?

முதலில் கன்சோல் பெட்டியில் டிஸ்க் நுழைகிற பிளவு இருக்கிறதா என்று பாருங்கம்மா. பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனிலும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் அது இல்லை. அந்த வீட்டுக்கு எந்த டிஸ்க்கை வாங்கினாலும் வீண்தான். ஸ்லிம் வகை பிஎஸ்5 டிஜிட்டலுக்குத் தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலாம். ஆனால் முதல்முறை மாட்டும்போது இணையம் வேண்டும்.

பிளவு இருந்தால் அடுத்தது. பிஎஸ்4 டிஸ்க் பெரும்பாலும் பிஎஸ்5-இல் ஓடும், பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4-இல் ஓடாது. அட்டையின் மேல் விளிம்பில் எதற்கானது என்று போட்டிருக்கும். ரிட்டர்ன் வருவதில் கணிசமானது இந்த ஒரு குழப்பத்தால் வருவதுதான், அதனால் இந்தக் காரணத்துக்காகத் திரும்பிய டிஸ்க் கிடைத்தால் அது நல்ல பொருள். பையன் வயதையும் பாருங்கள். அட்டையில் 18 என்று சிவப்பில் போட்டிருப்பது அலங்காரம் இல்லை.

கீறல் இருந்தா ஓடுமா?

மெல்லிய முடி போன்ற கீறல் என்றால் பெரும்பாலும் ஓடும். பிஎஸ்4, பிஎஸ்5, புதிய எக்ஸ்பாக்ஸ் எல்லாமே ப்ளூ-ரே வகை டிஸ்க். அதன் மேல் கடினமான பூச்சு ஒன்று உண்டு, பழைய சிடி மாதிரி லேசில் கீறாது. ஆனால் ஆழமாகக் கீறிவிட்டால் கதை முடிந்தது. டிவிடியில் தகவல் படலம் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டர்தான். பழைய பிஎஸ்2 டிவிடியை மெஷினில் தேய்த்துச் சரிசெய்த மாதிரி இதைத் தேய்க்க முடியாது. தேய்த்தால் பூச்சு போய்விடும், அதன் கீழே விட்டுக்கொடுக்க இடமே கிடையாது. ரீஃபர்பிஷ்டு டிஸ்க் என்ற பேச்சை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. டிஸ்க்கைப் போட்டு முழுக்க இன்ஸ்டால் ஆக விடுங்கள். அப்போது டிஸ்க்கில் இருப்பதைக் கன்சோல் படித்து நகலெடுக்கும். பாதியில் நின்றுபோனாலோ, பிழைச் செய்தி வந்தாலோ, அதே இடத்தில் மறுபடி மறுபடி தடுமாறினாலோ டிஸ்க் சரியில்லை. மெனு வந்ததும் 'ஓடுது' என்று எடுத்து வைத்துவிட்டு, இருபது நாள் கழித்து இன்ஸ்டால் செய்து பார்ப்பவர்கள் ரிட்டர்ன் கெடுவைத் தவறவிடுகிறார்கள். வந்த அன்றைக்கே செய்யுங்கள்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேச்சா கீறல் போயிரும்னு சொல்லுதாங்களே?

சிடி காலத்து வைத்தியம். மேலே சொன்ன காரணத்தால் ப்ளூ-ரேக்கு அது விஷம். மூக்குக்கண்ணாடி துடைக்கிற, உலர்ந்த, பஞ்சு போன்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கைரேகையும் எண்ணெயும்தான் பாதிப் பிரச்சினை. மிக்சரைத் தின்றுகொண்டே டிஸ்க் மாற்றுகிற பழக்கம் நம் ஊரில் கொஞ்சம் ஜாஸ்தி.

பொட்டி சரியா இருக்கு, உள்ள வேற டிஸ்க் இருந்தா?

அப்படி வரும். முன்னால் வாங்கினவர் புது ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, கையில் கிடந்த பழைய ஆட்டத்தையோ சினிமா ப்ளூ-ரேயையோ வைத்து ரிட்டர்ன் போட்டிருப்பார். கிடங்கில் கவனிக்காமல் விட்டால் உங்கள் வீட்டுக்கு வந்துசேரும். டிஸ்க்கின் மேல் பிஎஸ்4 என்றால் சியுஎஸ்ஏ (CUSA), பிஎஸ்5 என்றால் பிபிஎஸ்ஏ (PPSA) என்று தொடங்கி ஐந்து இலக்க எண் பொடியாக அச்சாகியிருக்கும். அட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும். பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள ஆட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' இரண்டும் பிஎஸ்4-க்கு டேட்டா டிஸ்க் ஒன்று, ப்ளே டிஸ்க் ஒன்று என்று வந்தவை. இன்ஸ்டால் செய்ய முதலாவது, விளையாட இரண்டாவது. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. விற்பவரிடம் இரண்டு டிஸ்க்கும் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள்.

சீல் அப்படியே இருக்குன்னு போட்டிருக்கானே, அப்ப பயமில்லையே?

சுருங்கும் பிளாஸ்டிக் கவர் போடுகிற மெஷின் பெரிய விலை இல்லை. மிட்டாய்க் கடையிலும் புத்தகக் கடையிலும் இருப்பதுதான். கம்பெனிக் கவர் மேலும் கீழும் கடித உறை போல மடித்து ஒட்டியிருக்கும், மடிப்பு நேராக இருக்கும். கடையில் போட்ட கவரில் ஓரம் முழுக்க உருகி ஒட்டிய கோடு ஓடும். காற்று வெளியேறச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மூலைகளில் பிளாஸ்டிக் கட்டி தட்டியிருக்கும். இது நூற்றுக்கு நூறு உறுதியான அடையாளம் இல்லை. சந்தேகம் வந்தால் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

உள்ள இருந்த கோட் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது'ன்னு வருது. என்ன செய்யட்டும்?

கோட் என்பது பெட்டிக்குள் காகிதத்தில் வரும் எண், ஸ்டோரில் அடித்தால் ஆட்டமோ கூடுதல் பொருளோ திறக்கும். அது போனது போனதுதான். டிஸ்க்கை எத்தனை பேர் கை மாற்றினாலும் ஓடும், ஆனால் காகிதத்தில் அச்சான கோட் முதலில் அடித்தவரின் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். சோனியையோ மைக்ரோசாஃப்டையோ கேட்டால் 'விற்றவரிடம் பேசுங்கள்' என்பார்கள். அது சரியான பதிலும்கூட. ரிட்டர்ன் கேமில் பணம் போகிற முக்கியமான வழி என்று என்னைக் கேட்டால், கீறலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

முன்பதிவுச் சலுகைக்கான கோட் என்றால் பெரிய நஷ்டம் இல்லை, ஆட்டத்துக்குள் ஏதாவது உடையோ ஆயுதமோதான் கிடைக்கும். ஆனால் ஆட்டத்தின் பாதியே கோட்டில் இருப்பதும் உண்டு. பிஎஸ்5-க்கு வந்த 'ஸ்பைடர்-மேன்: மைல்ஸ் மொராலெஸ்' அல்டிமேட் எடிஷனில் மைல்ஸ் ஆட்டம் டிஸ்க்கில் இருக்கும், கூட வரும் 'ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டு' கோட்டாகத்தான் வரும். ரிட்டர்ன் பிரதி வாங்கினால் அந்தக் கோட்டை யாரோ அடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். 'விட்சர் 3' கேம் ஆஃப் தி இயர் எடிஷன் இதற்கு நேர்மாறு. கூடுதல் கதைகள் டிஸ்க்கிலேயே இருப்பதால், யார் கை பட்டாலும் முழுசாகக் கிடைக்கும். ஆகவே 'கம்ப்ளீட்', 'அல்டிமேட்', 'கோல்டு' என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே எது டிஸ்க், எது கோட் என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கலெக்டர்ஸ் எடிஷன் ஒண்ணு பாதி விலைக்குக் கிடக்கு. சிலையெல்லாம் இருக்காம். எடுத்திரவா?

சிலைக்காக என்றால் எடுங்கள். ஆட்டத்துக்காக என்றால் நில்லுங்கள். 2022-இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கலெக்டர்ஸ் எடிஷனில் டிஸ்க்கே கிடையாது. அழகான இரும்புப் பெட்டி இருக்கும், உள்ளே காலி. ஆட்டம் கோட்டாகத் தனிக் காகிதத்தில் வரும். அப்படிப்பட்ட ஒன்று ரிட்டர்ன் வந்திருந்தால் கையில் மிஞ்சுவது கூட வந்த சுத்தியலும் பொம்மையும்தான். பாதி விலை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் துபாய்ல இருந்து கொண்டுவந்த டிஸ்க் ஓடுதே, அமெரிக்க டிஸ்க்கும் ஓடும்லா?

ஓடும். பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், நின்டென்டோவின் ஸ்விட்ச் எதுவும் நாடு பார்த்து ஆட்டத்தைத் தடுப்பதில்லை. சிக்கல் வருவது டிஎல்சி என்கிற கூடுதல் உள்ளடக்கம் வாங்கும்போது. பிளேஸ்டேஷனில் டிஸ்க் எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ, அதே பகுதிக் கணக்கில் வாங்கிய டிஎல்சிதான் பொருந்தும். இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கும் டிஸ்குகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பு. வயதுக் குறி பெகி என்ற ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணாக இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் அது ஆங்கில எழுத்தாக இருக்கும்.

வெளிநாட்டுக் கிடங்குகளிலிருந்து மூட்டையாக வந்த ரிட்டர்ன் சரக்கில் அமெரிக்க டிஸ்க் கலந்து வரும். கதையை மட்டும் விளையாடப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

எங்க ஊர்ல நெட் சரியா எடுக்காது. டிஸ்க் வாங்குனா நெட்டே வேண்டாம்தான?

மாஞ்சோலைப் பக்கத்திலிருந்தும் திசையன்விளைப் பக்கத்திலிருந்தும் இதைக் கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. டிஸ்க்கில் இருப்பது அச்சடித்த அன்றைக்கு இருந்த பதிப்பு. பிறகு வந்த திருத்தங்கள் எல்லாம் இணையத்தில்தான். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-இல் வந்தபோது பிஎஸ்4-இல் அவ்வளவு மோசமாக ஓடியது, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டது. அடுத்த ஜூனில்தான் திரும்பி வந்தது. முதல் அச்சு டிஸ்க் இன்றும் மலிவாகக் கிடைக்கும். அப்டேட் இறக்காமல் அதை விளையாடினால் அந்த டிசம்பர் அனுபவம் முழுசாகக் கிடைக்கும். அப்டேட் பல பத்து ஜிபி. ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு அதை முடிக்க ஒரு குற்றால சீசன் போய்விடும்.

இன்னும் மோசமானது, பேருக்கு டிஸ்க் இருப்பது. 2022-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது நூறு எம்பிக்கும் குறைவு, மற்றதெல்லாம் டவுன்லோடு. அட்டையின் பின்பக்கம் 'இணைய இணைப்பு தேவை' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் பளபளன்னு இருக்கு, இன்ஸ்டாலும் ஆகுது, ஆனா உள்ள போக மாட்டேங்குது. ஏன்?

ஆட்டம் இணையம் வழியாகப் போய் இணைகிற கம்பெனிக் கணினியை, அதாவது சர்வரை, மூடியிருப்பார்கள். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார் பந்தய ஆட்டம். தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்தே ஓடும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்த டிஸ்க் டீ டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆகும். சோனியின் 'கான்கார்டு' 2024 ஆகஸ்ட் 23-இல் வெளிவந்து செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் பெட்டிகள் எங்கெங்கோ மிச்சம் கிடக்கின்றன.

ஆன்லைனில் மட்டும் ஓடுகிற ஆட்டம் 300 ரூபாய்க்கு வந்தால், அதன் பெயரோடு 'சர்வர் மூடல்' என்று போட்டு ஒரு நிமிடம் தேடுங்கள். விற்பவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார், பாவம் அவருக்கே தெரியாமல் இருக்கும்.

முன்னாடி விளையாண்டவன் பாதியில விட்டிருந்தா, நான் பாதியில இருந்துதான் ஆரம்பிக்கணுமா?

இல்லை. சேமிப்பு கன்சோலில் இருக்கும், டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜிலும் (கேசட்) அப்படித்தான். பழைய நின்டென்டோ டிஎஸ், 3டிஎஸ் கேசட்டில்தான் சேமிப்பு உள்ளேயே இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

ஸ்விட்ச் கேசட்டுல கீறலே விழாதே. அப்ப அது வாங்கலாமா?

கீறல் விஷயத்தில் நிம்மதி, மற்றதில் இல்லை. முதலாவது துரு. உவரி, கூடங்குளம், இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டுத் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் மங்கிவிடும். ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். குழந்தை வாயில் வைத்தால் துப்பிவிடும், கசப்புப் பூச்சு உண்டு.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் தனி அடையாளம் உண்டு. முன்னால் வைத்திருந்தவர் அதை நகலெடுத்துக்கொண்டு உங்களிடம் விற்றிருந்தால், ஒரே அடையாளம் இரண்டு கன்சோல்களில் இணையத்துக்கு வரும். நின்டென்டோ கன்சோலையே ஆன்லைனிலிருந்து தடை செய்யலாம். 2025-இல் ஸ்விட்ச் 2 வந்த புதிதில், பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்ட ஒருவருக்கு இப்படி நடந்து, வாங்கிய ஆதாரத்தைக் காட்டிய பிறகு தடை நீங்கியது செய்தியானது. பில்லையும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான். நின்டென்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக ஸ்விட்ச் விற்பதில்லை என்பதால், இங்கே சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நிற்கவும் வழியில்லை.

ஸ்விட்ச் 2-இல் 'கேம்-கீ கார்டு' என்று ஒன்று வருகிறது. அதில் ஆட்டம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும். ஆட்டத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். மறுபடி விற்கலாம், வாங்கலாம். 'டவுன்லோட் கோட் உள்ளே' என்று போட்ட பெட்டி வேறு. அதை ரிட்டர்னில் தொடவே தொடாதீர்கள், கோட் பற்றிய பதிலைப் பாருங்கள்.

பிசி கேம் பொட்டி 200 ரூவாய்க்கு இருக்கு...

வேண்டாம். ஜிடிஏ 5 பிசி பெட்டியில் 7 டிவிடி இருக்கும், எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கூட வந்த சாவி எண் ஒருதரம்தான் வேலை செய்யும். ஸ்டீம் என்ற பிசி கேம் இணையக் கடையில் ஆஃபர் வரும் வரை காத்திருங்கள். அங்கே வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கவும் செய்யலாம்.

டூப்ளிகேட் டிஸ்க்கா இருந்தா எப்பிடிக் கண்டுபிடிக்க?

பிஎஸ்2 காலத்து பயம் இன்னும் போகவில்லை. மாற்றம் எதுவும் செய்யாத பிஎஸ்4, பிஎஸ்5-இல் நகலெடுத்த டிஸ்க் ஓடாது, அதனால் ஓடினால் அசல்தான். பயப்பட வேண்டியது 'பிஎஸ்5 கேம் 400 ரூபாய்' என்று யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுக்கிற ஆட்களுக்கு. அது ஒரு கணக்கைப் பல பேருக்கு வாடகைக்கு விடுவது. சோனியின் விதிக்கு விரோதம், கணக்கு முடக்கப்பட்டால் யாரையும் கேட்க முடியாது. மலிவு விலைக் கோட்களிலும் திருட்டு கார்டில் வாங்கியவை கலந்திருக்கும், பிறகு ரத்தாகும்.

பார்சல் வந்ததும் மொதல்ல என்ன செய்யணும்?

பிரிப்பதற்கு முன்னால் போனில் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரி லேபிள், அதில் அச்சான எடை, டேப் ஒட்டிய நாலு பக்கமும் தெரியட்டும். அங்கிருந்து நிறுத்தாமல், வெட்டாமல், டிஸ்க்கின் இரண்டு பக்கமும் அந்தச் சிறு எண்ணும் தெரிகிற வரை ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தித் தொடங்கிய வீடியோவை எந்த கஸ்டமர் கேரும் ஒப்புக்கொள்ளாது. ஓப்பன் பாக்ஸ் டெலிவரி வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, டெலிவரி தம்பி முன்னாலேயே பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள். வெயிலில் அவர் அவசரப்படுத்துவார். அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பெட்டியின் ஈரத்தையும் கவனியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் முங்கிக் கிடந்தபோது எத்தனை வீடு, கடைச் சரக்குகள் நனைந்தன என்று நமக்குத் தெரியும். நனைந்து காய்ந்த பொருள் தள்ளுபடியில் வருவது புதிதில்லை. டிஸ்க் தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் அட்டைத்தாள் அலை அலையாக இருந்தாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்னுட்டான். அவ்ளோதானா?

அவ்வளவுதான் இல்லை. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 'நோ ரிட்டர்ன்' என்று பக்கத்தில் போட்டிருப்பதால் இந்த விதி செல்லாமல் போய்விடாது. ஆனால் 'கோட் பயன்படுத்தப்பட்டது, கீறல் உண்டு' என்று முன்பே எழுதி விற்றிருந்தால், அதைச் சொல்லி நீங்கள் புகார் செய்ய முடியாது. ஆகவே விளக்கப் பகுதியைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது. அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே, டெல்லியில் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். 1,200 ரூபாய் டிஸ்க்குக்கு இவ்வளவு அலைச்சலா என்றால், அது உங்கள் ரோஷத்தைப் பொறுத்தது.

இன்ஸ்டாகிராம், வாட்ஸப்ல விக்காங்களே, அவங்களுக்கும் இதே சட்டமா?

தொழிலாக விற்பவர் என்றால் ஆமாம், ஆனால் அவர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தன் சொந்தப் பழைய டிஸ்க்கை எப்போதாவது விற்கிற தனி ஆளுக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. உள்ளூர் ஆள் என்றால் நேரில் போய், அவர் வீட்டு டிவியிலேயே இன்ஸ்டால் ஆவதைப் பார்த்துவிட்டு யுபிஐ அனுப்புங்கள். வெளியூர் ஆள் 'முன்பணம் அனுப்புங்க, நாளைக்கு கூரியர் போட்டுருவேன்' என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கள்.

கேமே இப்பிடின்னா, ரிட்டர்ன் வந்த கன்சோல் வாங்கலாமா?

அது தனிக் கதை. தடை செய்யப்பட்ட கன்சோலா, வாரன்டி மிச்சம் உண்டா, வேறு யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று பார்க்க நிறைய இருக்கிறது. வாரன்டி பில் இல்லாத ரிட்டர்ன் கன்சோலை நான் என் வீட்டுக்கு வாங்க மாட்டேன்.

அப்ப நானும் வாங்கி, பத்து நாள்ல முடிச்சிட்டு, 'ஓடல'ன்னு ரிட்டர்ன் போட்டுட்டா என்னண்ணே?

காலேஜ் பையன்கள் கேட்பது. சிரித்துக்கொண்டே கேட்பார்கள், பாதிப் பேர் நிஜமாகவே செய்வார்கள். அடிக்கடி ரிட்டர்ன் போடும் கணக்குகளைத் தளங்கள் குறித்து வைக்கின்றன. ஒரு கட்டத்தில் ரிட்டர்ன் வசதியே நிற்கும், கணக்கையும் மூடுவார்கள். அப்போது வீட்டில் அம்மா வாங்கிய மிக்ஸி நிஜமாகவே ஓடாமல் போனாலும் கேட்பதற்கு வழி இருக்காது. பழுதில்லாத பொருளைப் பழுது என்று எழுதித் திருப்புவது மோசடி என்பதும் இருக்கிறது. முடித்த டிஸ்க்கை விற்க வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள். கோட் அடித்தாயிற்று என்று எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ போட்டால், நியாயமான விலைக்கு ஒரே வாரத்தில் ஆள் வரும்.